புது .22 றைபிள்: பழக்கும்போதும் துடைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

.22 றைபிளின் குழல் சுட்டுத் தேய்வது அரிது. 2.6 கிராம் ஈயச் சன்னம் (குழலை விட்டுப் பறக்கும் குண்டு), சாதாரண ரவையில் (சன்னமும் மருந்தும் சேர்ந்த முழுத் தோட்டா) செக்கனுக்கு ஏறக்குறைய 320 மீற்றர் வேகம், இராணுவ றைபிளோடு பார்த்தால் பாதிக்கும் குறைந்த அமுக்கம். இவற்றால் உருக்கை அவ்வளவு இலகுவாகத் தின்ன முடியாது. பல்லாயிரம் வெடிக்குப் பிறகும் 50 மீற்றரில் ஒழுங்காகச் சுடும் குழல்கள் இருக்கின்றன. அதேவேளை, வாங்கிச் சில மாதங்களிலேயே குழல்வாய் கெட்டு, ரவை உட்காரும் அறையின் விளிம்பு நசுங்கி, அந்த அறையை மூடும் போல்ட்டுக்குள் எண்ணெய் பசையாக இறுகிப்போன புதுத் துவக்குகளும் இருக்கின்றன. அந்தச் சேதமெல்லாம் சுடுதளத்தில் வந்ததல்ல, வீட்டில் துடைக்கும்போதும் ரவையில்லாமல் விசை இழுக்கும்போதும் வந்தது.

கொழும்பில் இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பழைய .303 இராணுவ றைபிள் பழக்கம். அந்தக் காலத்து .303 ரவையின் தீமூட்டி மருந்து குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவித் தேய்க்காவிட்டால் அடுத்த நாளே துருப் பிடிக்கும். அப்படிப் பழகியவர்களிடம் கேட்டுப் பழகியவர்கள் .22 றைபிளையும் அதே வேகத்தில் தேய்க்கிறார்கள். இன்றைய .22 ரவையில் அந்த உப்பு இல்லை. இரண்டாவது காரணம் கடற்காற்று. வெள்ளவத்தையிலோ முகத்துவாரத்திலோ யன்னலைத் திறந்து வைத்தால் கதவுப் பிணைச்சலே துருப் பிடிக்கிறது. அந்தப் பயத்தில் துவக்கை எண்ணெயில் குளிப்பாட்டுகிறோம். பயம் நியாயமானது, செய்யும் வைத்தியம் பிழையானது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அனுமதிப்பத்திரத்தில் வரும் துவக்குக்குப் புதுக் குழல் தருவிப்பது கடையில் உதிரிப்பாகம் வாங்குவதைப் போன்றதல்ல. கெட்ட குழலோடு நெடுங்காலம் இருக்க வேண்டிவரும்.

எதைத் தொடுவதற்கும் முன் மகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து, ரவைப் பெட்டியை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிடுங்கள். கடையில் இருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும்போதும் இதேதான்.

தொழிற்சாலை எண்ணெயோடு சுடுதளம் போவது

புது றைபிள் கப்பலில் வரும்போது துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய கனமான எண்ணெய் அல்லது கிறீஸ் குழலுக்குள்ளும் அறைக்குள்ளும் போல்ட்டிலும் இருக்கும். அதைத் துடைக்காமல் சுட்டால் முதல் வெடிகள் எங்கெங்கோ போகும். அறையில் எண்ணெய் இருந்தால், வெடிக்கும்போது ரவையின் உலோகக் கோது (சன்னத்தையும் மருந்தையும் தாங்கும் கூடு) அறைச் சுவரைப் பற்றிப் பிடிக்காமல் வழுக்கும், போல்ட் முகத்தில் விழும் அடி கூடும். எல்லாவற்றிலும் கவனிக்கப்படாமல் போவது, ரவையின் விளிம்பை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி ஓடும் குழாய். அங்கே கிறீஸ் தடித்துக் கிடந்தால் ஊசியின் வேகம் குறையும். ரவை வெடிக்காதபோது "ரவை சரியில்லை" என்று பெட்டியைக் குறை சொல்வார்கள். வெடிக்காத ரவையின் விளிம்பைப் பாருங்கள். ஆழமான, தெளிவான பள்ளம் இருந்தால் ரவையைச் சந்தேகிக்கலாம். லேசாகத் தொட்ட அடையாளம் மட்டும் இருந்தால் குற்றம் போல்ட்டுக்குள்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. சொல்வன்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்த சீலைத்துண்டு இரண்டு அல்லது மூன்றைக் குழலுக்குள் செலுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, காய்ந்த துண்டு மூன்று நான்கால் துடைத்து எடுங்கள். பிரஷ் தேவையில்லை. இன்னும் ஒரு வெடிகூடச் சுடாத குழலில் தேய்த்து எடுக்க எதுவும் இல்லை. அறையை ஒரு காய்ந்த துண்டால் தனியாகத் துடையுங்கள். போல்ட்டை, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரித்து, பழைய கிறீஸைத் துடைத்து, பூட்டும் காதுகளிலும் பிடி சுழலும் சரிவிலும் குண்டூசித் தலையளவு புதுக் கிறீஸ் வையுங்கள். ஊசி ஓடும் பாதை ஏறத்தாழ உலர்ந்தே இருக்கட்டும்.

"ஒரு வெடி, ஒரு துடைப்பு" சடங்கு

ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தரம் துடைக்கும் முறை, செப்பு உறை போட்ட வேகமான சன்னம் சுடும் பெரிய றைபிள்களுக்காக வந்தது. புதுக் குழலின் நுண்ணிய கருவித் தடங்களில் செப்பு படியும், அதை அவ்வப்போது எடுத்தால் குழல் விரைவாகச் சமப்படும் என்பது அதன் நியாயம். அங்கேயே அதற்கு எவ்வளவு பலன் என்று துவக்குக்காரர்களிடையே வாதம் உண்டு. மெழுகு பூசிய ஈயச் சன்னத்துக்கு அந்தக் கதையே பொருந்தாது.

.22 குழலுக்கு வேண்டியது இதற்கு நேரெதிர். 1887இல் வந்த .22 லோங் றைபிள் ரவையின் அமைப்பில், சன்னத்தின் வெளிப்பக்கம் கோதின் வெளிப்பக்கத்தோடு ஒரே பருமன். ஆகவே மசகு மெழுகும் வெளியிலேயே பூசப்படுகிறது. சுடச்சுட அந்த மெழுகும் சிறிது ஈயமும் குழலின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படியும். படலம் ஒரே சீராக வந்த பிறகுதான் இலக்கில் துளைகள் ஒரு இடத்தில் கூடும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அதைத் துடைத்து எடுப்பவர், குழலை ஒவ்வொரு தரமும் பூச்சியத்தில் இருந்து தொடங்க வைக்கிறார்.

முதல் நாளில் ஒரே வகை ரவையால் 50 வெடி சுடுங்கள். துளைகள் எங்கே விழுகின்றன என்று கவலைப்பட வேண்டாம், ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நுணுக்கமாகத் திருப்ப வேண்டாம். 50 முடிந்ததும் குழலைத் தாங்கும் திருகாணிகளையும் ஸ்கோப் வளையத் திருகாணிகளையும் கையேடு தரும் முறுக்கு அளவுக்குச் சரிபாருங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கையால் இறுக்கினால் மரம் நசுங்கும், ஸ்கோப் குழாயில் வடு விழும். பிறகு ஒரு நனைந்த துண்டு, இரண்டு காய்ந்த துண்டு, அவ்வளவே. அதன்பின் இன்னொரு நூறு வெடி. ஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டிய நேரம் இதுதான்.

ரவை ஒப்பிடும்போது நடக்கும் தவறு வேறு. ஒரு பெட்டியில் ஐந்து, அடுத்ததில் ஐந்து என்று மாறிமாறிச் சுட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு உற்பத்தியாளரின் மெழுகும் வேறு. புது ரவைக்கு மாறியதும் முதல் 15, 20 வெடிகள் பழைய மெழுகின் மேலேதான் ஓடுகின்றன. அவற்றை எண்ணாமல் விட்டு, அதற்குப் பிறகு ஐந்து வெடிக் கூட்டங்களாகக் குறைந்தது நான்கைச் சுட்டுப் பாருங்கள். 50 மீற்றர் போட்டி இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்தான். அந்த அளவில் மெழுகு மாறுவதும் கண்ணுக்குத் தெரியும்.

துப்புரவுக் கோல்

குழலை உண்மையில் கெடுப்பது இதுதான். சன்னம் குழலை விட்டு வெளியேறும் கடைசி விளிம்பு, குழல்வாயின் உள்வட்டம், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சன்னத்தை விட வேண்டும். ஒரு பக்கம் சற்றே தேய்ந்தாலும் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுச் சன்னத்தைச் சாய்க்கும். குழல்வாய்ப் பக்கம் இருந்து கோலைச் செருகினால் ஒவ்வொரு தள்ளலிலும் கோலின் உடல் அந்த விளிம்பில் உரசுகிறது. நீட்டிப் பூட்டும் மூன்று துண்டு அலுமினியக் கோல் இன்னும் மோசம். மென்மையான அலுமினியத்தில் மணலும் கரியும் பதிந்து அது அரமாகிவிடும், மூட்டுகளில் மேடுபள்ளமும் இருக்கும்.

போல்ட் றைபிளில் போல்ட்டைக் கழற்றி அறைப் பக்கத்தில் இருந்தே வேலை செய்யுங்கள். போல்ட் இருந்த இடத்தில் நுழையும் வழிகாட்டிக் குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அது கோலை நடுவில் வைக்கும், சொல்வன்ட், விரலால் இழுக்கும் விசையின் பெட்டிக்குள் வடியாமலும் தடுக்கும். கோல் ஒரே துண்டாக, பூச்சுப் போட்டதாகவோ கார்பன் இழையாலானதாகவோ, பிடி தானாகச் சுழல்வதாகவும் இருக்கட்டும். பிடி சுழலாவிட்டால் துண்டு குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் புரியோடு திரும்பாமல் அதன் மேலாக இழுபடும். துவக்கின் குழல்வாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மறுபக்கம் தாழ்ந்தால் அழுக்கு எல்லாம் விசைக்குள் போய்ச் சேரும்.

துண்டு குழல்வாயைக் கடந்து முழுதாக வெளியே வந்ததும் அதைக் கையால் எடுத்துவிட்டு, வெறுங்கோலை மெதுவாகப் பின்னே இழுங்கள். பாதியில் திசை மாற்றக் கூடாது. வெண்கலப் பிரஷ் போட்டிருந்தால் வெளியே வந்ததும் பிரஷைக் கழற்றிவிட்டுக் கோலை இழுப்பதே நல்லது. கழற்றாமல் இழுக்கும்போது பிரஷின் மயிர்கள் ஒரேயடியாக மடிந்து விளிம்பில் கொத்துவதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். உருக்குக் கம்பிப் பிரஷை .22 குழலுக்கு அருகிலும் கொண்டுவர வேண்டாம். பின்பக்கம் திறக்க முடியாத தானியங்கி றைபிளுக்குப் பூச்சுப் போட்ட வளையும் கம்பி இருக்கிறது. அதை அறைப் பக்கம் இருந்து நுழைத்துக் குழல்வாய் வழியாக இழுக்கலாம்.

"சீலை வெள்ளையாக வரும்வரை" என்பது இன்னொரு பொறி. ஈயமும் கரியும் படிந்த குழலில் துண்டு எப்போதும் சாம்பல் நிறமாகவே வரும். நான்காவது காய்ந்த துண்டு வெளிறிய சாம்பலாக வந்தால் போதும், நிறுத்துங்கள். செப்புக்கான அமோனியாச் சொல்வன்ட்டும் இங்கே வேலையற்றது. முடிவில் குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கிய ஒரு சிறு துண்டு அடுத்த வெடியில் குழலைப் புடைக்கச் செய்யும்.

துடைக்க வேண்டிய இடம் வேறு

குழலை மாய்ந்து மாய்ந்து துடைப்பவர்களில் பலர் அறையைத் தொடுவதில்லை. அழுக்கு நிஜமாகச் சேரும் இடம் அதுதான். கோதின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், மெழுகும் கரியும் ஈயமும் சேர்ந்து கல்லாய் இறுகிய ஒரு வளையம் உருவாகும். இறுக்கமான அறை வெட்டிய போட்டி றைபிளில் இது சீக்கிரம் தெரியவரும்: போல்ட் பிடியின் கடைசி அசைவு முதல் நாளைவிடக் கனமாக இருக்கும், கோது வெளிவரத் தயங்கும், இலக்கில் நல்ல துளைக் கூட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டு துளை காரணமில்லாமல் விலகும். 200, 300 வெடிக்கு ஒரு தரம், சொல்வன்ட் நனைத்த துண்டை அந்த இடத்தில் 10 அல்லது 15 நிமிடம் நிறுத்தி ஊறவிட்டு, வெண்கலப் பிரஷைச் சிறு கோலில் மாட்டி அறைக்குள் மட்டும் சில தரம் சுற்றி எடுத்து, உலரத் துடையுங்கள். ஆணியாலோ ஸ்குரூ டிரைவராலோ சுரண்டக் கூடாது.

போல்ட்டின் முகம், கோதை இழுக்கும் கொக்கியின் அடி ஆகியவற்றை ஒவ்வொரு தரமும் பழைய பல் பிரஷால் தட்டிவிடுங்கள். முழுக் குழலுக்கு இவ்வளவு அடிக்கடி வேண்டாம். துளைகள் சிதறத் தொடங்கும்போது துடைப்பதா, சுட்ட ஒவ்வொரு நாளும் ஒரு நனைந்த துண்டு ஓட்டுவதா என்பதில் நல்ல சுடுநர்களே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். இரண்டும் சரியாகலாம். போட்டிக்கு முந்திய இரவு துடைத்துவிட்டு மறுநாள் முதல் வெடியையே கணக்கில் சேர்ப்பது மட்டும் சரியாகாது. துடைத்த குழலுக்கு மறுபடி 10 முதல் 20 வெடி வேண்டும்.

எண்ணெய், ஈரம், ஏசி

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். காற்றோடு சேர்ந்து பசையாகும், நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் குளிரில் உறையும். டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்டும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். விசைக்குள் அடித்தால் நாட்பட்டுப் பிசினாகும். புறக்கோட்டையில் வாங்கும் சுத்தமான தையல் மெசின் எண்ணெய், துவக்கெண்ணெய் கிடைக்காத நேரத்தில் வெளிப்புறத்துக்குப் போதுமானது. சீலையில் இரண்டு சொட்டு விட்டு முழுக் குழலையும் துடைத்தால் விரல் வைத்தால் பதியும் அளவு படலம் நிற்கும். வழியுமளவு பூசினால் மரத்துக்குள் ஊறி மரம் மென்மையாகும். எண்ணெய் பட்ட கையால் ரவையைத் தொடவும் வேண்டாம், ஊடுருவும் எண்ணெய் தீமூட்டி மருந்தைக் கெடுக்கும். மகசின் உலர்ந்தே இருக்கட்டும். குழலுக்குள் எண்ணெய் விட்டிருந்தால் சுடும் முன் ஒரு காய்ந்த துண்டு ஓட்டுங்கள்.

ஏசி அறையில் வைத்த றைபிளை மே மாத ஈரக் காற்றுக்குள் எடுத்து வந்து பையைத் திறந்தால் குளிர்ந்த உருக்கில் பனித்துளி கட்டும். பையை மூடியபடியே அரைமணி வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். மழை நாளில் சுட்டுவிட்டு வந்த துவக்கைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் இரவு விடக் கூடாது, அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்தால் அது நிறம் மாறியதும் 110, 120 பாகையில் ஒவனில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். சிறு துருப் புள்ளிக்குப் பிராசோவோ வினாகிரியோ தொட்டால் கருநீலப் பூச்சும் சேர்ந்து போய்விடும். எண்ணெய் ஊறவிட்டு மிக நுண்ணிய கம்பிப் பஞ்சால் லேசாகத் தடவினால் போதும்.

வெறும் விசை, வெறும் கை

விளிம்பில் அடிக்கும் ஊசிக்கு அங்கே ரவை இல்லாவிட்டால் அறையின் விளிம்பையே அடிக்கும் வாய்ப்புண்டு. விழுந்த வடு அடுத்த கோதை இறுக்கிப் பிடிக்கும். சில புது மாதிரிகளில் ஊசியை முன்கூட்டியே நிறுத்தும் தடை உண்டு. உங்கள் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, வெறுமனே விசை இழுத்துப் பழகுவதற்குப் போலி ரவை வையுங்கள். சுட்ட வெற்றுக்கோதையே வைப்பவர்கள் ஒவ்வொரு தரமும் அதைத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி பழைய பள்ளத்திலேயே விழும்.

ஈயம் உறையின்றி இருக்கும் சன்னம், ஈயம் கலந்த தீமூட்டிப் புகை, கரிச் சீலை எல்லாம் கையில் படும். சாப்பாட்டு மேசையில் துடைக்காதீர்கள், யன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறையில் இருக்க வேண்டாம். முடிந்ததும் குளிர்நீரும் சவர்க்காரமும் போட்டு முழங்கை வரை கழுவி, பயன்படுத்திய துண்டுகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சுடப்போன உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள்.