கைரேகை மெஷின்: சம்பளத்தில் கை வைக்கும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் மாட்டிய பிறகு சனிக்கிழமை சம்பளத்தில் தகராறு வந்தால், பெரும்பாலும் மெஷினில் பழுது இருக்காது. ஓ.டி.யை (கூடுதல் நேர வேலையை) எப்படிக் கணக்கிடுவது, பதிவு விழாத நாளை யார் சரிசெய்வது என்று எதையுமே பேசி முடிக்காமல் மாட்டியிருப்பார்கள்.

முதல் தவறு வாசலிலேயே நடக்கிறது. 300 பேருக்கு ஒரே மெஷின், ஆளுக்கு 5 விநாடி என்றால் வரிசை முடிய 25 நிமிடம். 8:30 ஷிஃப்டுக்கு 8:15-க்கே வந்து கடைசியில் நின்றவருக்கு 8:40 என்று விழும். அரை நாள் போச்சு. 3 மெஷின் வைத்தால் 9 நிமிடத்துக்குள் வரிசை கரைந்துவிடும்.

ரேகையைப் பதிவதிலும் அவசரம் கூடாது. அயர்ன் போடுபவருக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் விரல் நுனி தேய்ந்திருக்கும். ஒரு விரல் மட்டும் பதிந்தால் பாதி நாள் மெஷின் ஏற்காது. இரு கையிலும் இரண்டிரண்டு விரல் பதியுங்கள். அதுவும் வேலைக்கு நடுவே, கை இருக்கிற நிலையிலேயே. அப்படியும் எடுக்காதவர்களுக்கு அட்டை கொடுத்துவிடுங்கள்.

இரவு ஷிஃப்டில்தான் கணக்கு மொத்தமாகக் குழம்பும். திங்கள் இரவு 8 மணிக்கு உள்ளே வந்தவர் செவ்வாய் காலை 8 மணிக்கு வெளியே போகிறார், அன்று இரவு 8 மணிக்கு மறுபடி வருகிறார். நள்ளிரவில் தேதி மாறும்படி சாஃப்ட்வேரை விட்டிருந்தால், திங்களன்று ஒற்றைப் பதிவு: ஆப்சென்ட். செவ்வாயன்று காலை 8 முதல் இரவு 8 வரை வேலை பார்த்ததாகக் காட்டும்; அவர் வீட்டில் தூங்கிய நேரம் அது! இரவு ஆட்களைத் தனிக் குழுவாகப் பிரித்து, அவர்களுக்கு நாள் பகல் 12 மணிக்கு மாறும்படி அமைக்க வேண்டும்.

ஓ.டி.யை அரை மணிக்குக் கீழே வெட்டும் அமைப்பு இன்னும் மோசம். தினம் 8 மணி நேர வேலைக்கு மேல் 25 நிமிடம் நின்று தைத்தவருக்கு அன்றன்று பூஜ்யம் விழும். 6 நாளைக்கு அது 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டிய வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி என்பதால், 5 மணி நேரக் கூலி கைவிட்டுப் போகிறது. உழைத்த காசு அது. நிமிடங்களை வாரம் முழுக்கக் கூட்டுங்கள், தினசரி வெட்டாதீர்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. மெஷின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிபாருங்கள், நெட் இணைப்பு இல்லாவிட்டால் நேரம் மெல்ல நகரும். ஒரே ஆள் 5 நிமிடத்துக்குள் இரண்டு முறை விரல் வைத்தால் இரண்டாவதை விட்டுவிடும்படி அமையுங்கள். வேலையை விட்டவரின் எண்ணைப் புதியவருக்குத் தராதீர்கள், பழைய பதிவு இவர் கணக்கில் ஏறிவிடும்.

வருகையைக் கையால் எழுதும் பழைய மஸ்டர் நோட்டை உடனே மூட வேண்டாம். நான்கு சம்பள வாரமாவது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், அதில் ஒரு விடுமுறை வாரமும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மதியமே ஒவ்வொருவரின் நேரப் பட்டியலையும் லைன் சூப்பர்வைசர் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போன பதிவை அன்று மாலைக்குள் திருத்த, பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். வடநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் அவருக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டும்.