மடக்கு சைக்கிளோடு எம்ஆர்டி ஏறுவது எப்படி?

சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் குடியிருப்பவர், தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டால், அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடும். சைக்கிளை எம்ஆர்டி எனும் நகர ரயிலில் ஏற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மரின் பரேட் நிலையம் திறந்தபிறகு கடற்கரை இன்னும் பக்கமாகிவிட்டது.

முதலில் அளவு. சாதாரண சைக்கிளுக்கு ரயிலிலும் பேருந்திலும் இடமில்லை, மடக்கு சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. மடித்தபிறகு 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், அங்கேயே மடிக்கச் சொல்லி டேப்பால் அளந்து பாருங்கள். 40 செ.மீ. அகலத்தில்தான் பல சைக்கிள்கள் மாட்டிக்கொள்ளும். மடக்காத பெடல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலே போதும். காலை, மாலை நெரிசல் நேரத்திலும் கொண்டுபோகலாம். நிலப் போக்குவரத்து ஆணையம் 2016 டிசம்பரில் இதைச் சோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே நிரந்தரமாக்கியது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் ஞாயிறு காலையில் போய்ப் பழகுவதே நல்லது.

அடுத்து மடிப்பது. இதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகிவிடுங்கள். நிலைய வாசலிலேயே மடித்துவிட வேண்டும், உள்ளே போய் அல்ல. பெடலை மடக்கி, கைப்பிடியைச் சாய்த்து, இருக்கையை இறக்குங்கள். இறக்கும் முன் இருக்கைத் தண்டில் உங்கள் உயரத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிவையுங்கள்; இறங்கியதும் தடுமாறாமல் அதே உயரத்துக்கு ஏற்றிவிடலாம். கடைசியாக ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். மழையில் நனைந்த சக்கரத்தைச் சுற்றி மூட வேண்டும் என்பது விதி. சங்கிலிப் பக்கத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிடுவது என் வழக்கம். கிரீஸ் பக்கத்தில் நிற்கும் அக்காவின் புடவையில் படக்கூடாது, இல்லையா?

நிலையத்துக்குள் அகலமான நுழைவாயிலில் கார்டைத் தட்டி, மின்தூக்கியில் இறங்குங்கள். மின்படி வேண்டாம், கை நழுவினால் கீழே நிற்பவருக்கு ஆபத்து. சக்கர நாற்காலியில் இருப்பவரும் பெரியவர்களும் காத்திருந்தால் அவர்கள் முதலில் போகட்டும், அடுத்த நடையில் நீங்கள் போகலாம்.

ரயிலில் முதல் பெட்டி அல்லது கடைசிப் பெட்டிதான் வசதி. கதவையும் நடைபாதையையும் மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள். சைக்கிளிலிருந்து கையை எடுக்காதீர்கள். பிரேக் போடும்போது அது உருண்டு யார் காலிலாவது மோதிவிடும்.

பேருந்திலும் இதே விதிகள்தான். ஈரடுக்குப் பேருந்தில் மேல்தளத்துக்கு ஏற்றக் கூடாது. சக்கர நாற்காலிக்கான இடத்தில் வைத்திருந்தால், ஒருவர் ஏறியதும் கேட்காமலே விலகிக் கொடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் இறங்கி அடுத்த பேருந்தில் போவதுதான் மரியாதை.

இறங்கியபின் நிலையத்துக்கு வெளியே வந்துதான் விரிக்க வேண்டும். மடிப்புப் பூட்டு ஒவ்வொன்றும் இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ., பூங்கா இணைப்புப் பாதையில் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது.