குதிகாலுக்கு மேலே வலியோடு ஜனவரி மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் முதல் சில அடிகள் நொண்டுகிறீர்கள். குளித்து, காபி குடித்து முடிப்பதற்குள் விறைப்பு தளர்ந்துவிடுகிறது. ஓடத் தொடங்கும்போது குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே சுருக்கென்கிறது. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் வலி மறைந்து, மறுநாள் காலை கூடுதலாகத் திரும்பி வருகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் நோகும்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு விரல்களால் அதைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் தடித்து, தொட்டாலே வலிக்கும்.

சென்னையில் ஜனவரி மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிறவர்களில் பலருக்கு இந்த வலி அக்டோபர் வாக்கில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் 20 கிலோமீட்டரை நெருங்குவது அப்போதுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. பெசன்ட் நகரில் என்னோடு ஓடுகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஆபத்தான அறிகுறிகள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘பட்’டென்று உணர்ந்து, அதன்பிறகு ஒற்றைக் காலில் நுனிவிரலால் எழும்ப முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. நம் ஊரில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நீரிழிவு இருந்தாலும் மறைக்காதீர்கள். வலிக்கும் இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். வலி அடங்கலாம், ஆனால் நாண் அறுந்துபோகும் அபாயம் கூடுகிறது.

இவை எதுவும் இல்லையென்றால், தயவுசெய்து ஒரு மாதம் சும்மா படுத்திருக்காதீர்கள். ஓய்வில் வலி குறையும்; தசைநாணும் பலம் குறையும். திரும்ப ஓடினால் அதே இடத்தில் அதே வலி. அளவறிந்து சுமை ஏற்றினால்தான் நாண் பலப்படும். 1998-இல் சுவீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும், நாள்பட்ட அக்கிலிஸ் வலியுள்ள 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரங்கள் ஒரே ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் இன்றைய சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம்.

அந்தப் பயிற்சிக்கு மாடிப்படி போதும். கடைசிப் படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் நுனிவிரலில் எழும்புங்கள். எடையை முழுவதும் நோகும் காலுக்கு மாற்றி, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்வரை மெதுவாக, மூன்று நான்கு நொடிகள் எடுத்து இறக்குங்கள். மேலே வருவது மறுபடியும் நல்ல காலால்தான். முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று சுற்று. பிறகு முழங்காலைச் சற்று மடக்கி அதே மூன்று சுற்று. மடக்கும்போது கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை கிடைக்கிறது. நெடுந்தூரம் ஓடும்போது அதிகம் உழைப்பது அந்தத் தசை. இதைக் காலையும் மாலையும் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு 180 முறை. சலிப்பாகத்தான் இருக்கும், வானொலி கேட்டுக்கொண்டே செய்யுங்கள். வலியில்லாமல் செய்ய முடிந்ததும் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு பத்து கிலோ. தினமும் இரு வேளை முடியாதவர்கள் வாரம் மூன்று நாள் ஜிம்மில் கனமான எடையோடு, மிக மெதுவாக ஏறி இறங்கும் முறையைச் செய்யலாம். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

வலி நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே, செருப்பின் பின்வார் உரசும் இடத்தில் இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதீர்கள். தரையிலேயே நின்று செய்யுங்கள். குந்தி உட்கார்ந்து கோலம் போடுவதையும் சில வாரம் தள்ளிவையுங்கள், ஏனெனில் அந்த நிலையில் நாண் எலும்போடு நசுங்குகிறது. எவ்வகை வலியானாலும் வீட்டில் தட்டையான ரப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிகால் சற்று உயர்ந்த செருப்பு நல்லது.

எவ்வளவு வலி வரை தாங்கலாம்? பத்துக்கு மூன்று, நான்கு வரை பரவாயில்லை. தீர்ப்பு சொல்வது மறுநாள் காலைதான். முதல் அடிகளின் விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடவில்லை என்றால் அளவு சரி, கூடினால் குறையுங்கள். தினமும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி கூடவில்லை, ஒற்றைக் காலில் இருபது முறை நுனிவிரலில் எழும்ப முடிகிறது என்ற நிலை வந்ததும் ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். தொடர்ந்து 30 நிமிடம் ஓட வரும்வரை வேகத்தைத் தொடாதீர்கள். கடற்கரையில் ஓடும் ஆசையை அடக்குங்கள்: காய்ந்த மணலில் குதிகால் புதைந்து நாண் அதிகமாக இழுபடுகிறது, ஈரமணலோ ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. சென்னையில் நமக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். அதையும் கடைசியாகவே சேர்க்க வேண்டும். ஓட முடியாத நாட்களில் சைக்கிளும் நீச்சலும் மூச்சைக் காப்பாற்றும்.

இனிப் பந்தயப் பயிற்சி. வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும், அதில் ஒன்று நீண்டது. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறையுங்கள். அரை மாரத்தானுக்கு 18 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் 21.1 வந்துவிடும். முழு மாரத்தானின் 42.195-க்கு 30, 32 வரை போக வேண்டும். அக்டோபரில் வலி வந்தவர் ஜனவரிக்குள் அதை நிதானமாக எட்ட முடியாது என்பது என் உறுதியான கருத்து. அரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் புழுக்கத்தில் வியர்வை உலர்வதில்லை, அதனால் உடல் குளிர்வதில்லை. வேகம் குறைந்திருப்பதாகக் கடிகாரம் காட்டினால் கவலை வேண்டாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதை உப்பு போட்ட நீர்மோராகவோ ஓ.ஆர்.எஸ். ஆகவோ ஈடுகட்டுங்கள். ஓடும்போது தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்பு 16 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். மறுநாள் காலை நொண்டினால் இந்த ஆண்டு தண்ணீர் கொடுக்கும் தன்னார்வலராகப் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட மட்டும் வேண்டாம். அது எச்சரிக்கையை மறைப்பதோடு, நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் வருத்தும். நொண்டவில்லையென்றால், படிப்பயிற்சியைப் பந்தய வாரத்தில் மட்டும் நிறுத்திவிட்டு ஓடுங்கள். பொங்கல் கழிந்ததும் வாரம் இரண்டு நாளாவது அதே படியில், அதே அரிசிப் பையோடு தொடருங்கள்.