பயோஃபிலிமின் வெப்பத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலுக்குள் செருகும் கதீட்டர் குழாய், செயற்கை மூட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்க் குழாய் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் பாக்டீரியாக்கள் படலமாக ஒட்டிக்கொண்டு வாழும். இந்தப் பயோஃபிலிமைச் சுரண்டாமல், சாயம் ஏற்றாமல் கவனிக்க நல்ல வழி, அது வெளியிடும் வெப்பத்தை, மிகச் சிறிய வெப்பத்தையும் அளக்கும் கருவியான மைக்ரோகலோரிமீட்டரில் அளப்பது. வேலூர்ப் பக்கம் இந்த ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்தபின் கருவி வரையும் வெப்பக் கோடு தட்டையானதும் பாக்டீரியா செத்துவிட்டது என்று எழுதுவது. ஒரு பாக்டீரியா தருவது ஏறத்தாழ 2 பிக்கோவாட் (பத்து லட்சம் பிக்கோவாட் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோவாட்). கருவிக்கு 0.2 மைக்ரோவாட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது என்றால், ஒரு லட்சம் பாக்டீரியா உயிரோடு இருந்தும் கோடு அசையாது. மருந்துக்குத் தப்பி உறங்கும் செல்கள் இன்னும் குறைவாகவே வெப்பம் தரும். நோயாளியின் உடம்பில் தொற்று திரும்பி வருவதற்கு இவையும் ஒரு காரணம். அதனால் மருந்து கொடுத்த மாதிரியைக் கழுவி, மருந்தில்லாத புது ஊடகத்தில் (பாக்டீரியா வளரும் சத்துத் திரவத்தில்) போட்டு, சில நாள் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் அல்ட்ராசவுண்டில் படலத்தைப் பிரித்து, தட்டில் வளர்த்து எண்ணுங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். மாதிரியை வைக்கும் சிறு குப்பியான ஆம்பூலை மூடியபின் அதில் 1 மில்லிலிட்டர் காற்று இருந்தால், அதிலுள்ள ஆக்சிஜன் சுமார் 8 மைக்ரோமோல். ஒரு மோல் ஆக்சிஜன் செலவாகும்போது ஏறத்தாழ 455 கிலோஜூல் வெளிவரும். ஆக, 4 ஜூலுக்குள் அந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் வரும் சரிவையோ இரண்டாவது முகட்டையோ மருந்தின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

கழுவாமல் வைத்தால், நீரில் மிதக்கும் செல்களின் வெப்பமும் படலத்தின் கணக்கில் சேரும். கழுவினாலும் படலத்திலிருந்து செல்கள் உதிர்ந்து ஊடகத்தில் பெருகும். ஆகவே நேரம் ஆக ஆக, வருவதெல்லாம் படலத்தின் வெப்பம் என்று சொல்ல முடியாது.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. கத்திரியில் அறை 40 டிகிரியைத் தொட்டால், 37 டிகிரியில் நிற்க வேண்டிய கருவி திணறும். ஏசியும் மின்சாரமும் விட்டுவிட்டு வந்தால் அடிக்கோடு (மாதிரி வெப்பம் தராதபோது கருவி காட்டும் கோடு) சாயும். ஆம்பூலை உள்ளே இறக்கியபின் முதல் ஒரு மணி நேர அளவை நம்பாதீர்கள். பாக்டீரியா இல்லாத ஆம்பூல் ஒன்றையும் கட்டாயம் கூடவே ஓட்டுங்கள்.

மூடியை நன்றாக இறுக்குங்கள். மணிக்கு 1 மில்லிகிராம் நீர் ஆவியாகி வெளியேறினாலே சுமார் 670 மைக்ரோவாட் வெப்பம் உறிஞ்சப்படும். படலத்தின் சிக்னல் முழுவதும் அதில் மூழ்கிப்போகும்.