தமிழ் ஊர்ப் பெயருக்கு எத்தனை எழுத்து ஒதுக்கலாம்?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் குமரி மாவட்ட ஊர்ப் பெயர்களைத் தமிழில் சேமிக்க வார்கேர்(60) என்று வையுங்கள், அதாவது 60 எழுத்து வரை ஏற்று, உள்ள அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும் வகை. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணி அளவு குறிக்காதீர்கள். நாகர்கோவில் நமக்கு 6 எழுத்து, டேட்டாபேஸுக்கு 11. துணைக்காலும் புள்ளியும் அங்கே தனிக் கணக்கு. யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 33. நீளத்தைக் குறித்துவைக்க இன்னும் 1, அவ்வளவுதான். 60 என்று எழுதியதற்காக மீதி இடம் வீணாகாது. அடைப்புக்குறிக்குள் எழுதும் எண் 63-ஐத் தாண்டினால் அந்த 1 பைட் 2 ஆகும். அது போகட்டும், அப்புறமாக 60-ஐ 100 ஆக்கப் போனால் அந்த பைட் மாறுவதால் மொத்த டேபிளையும் திரும்ப எழுதும், அதுதான் தலைவலி. நூறு தேவைப்படும் என்று தோன்றினால் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

629001 மாதிரி எப்போதும் 6 இலக்கமான பின்கோடுக்கு இது வேண்டாம், நீளம் மாறாத கேர்(6) போதும். டிஸ்க்கில் இல்லாமல் நினைவகத்திலேயே இருக்கும் மெமரி டேபிளிலும் இந்த இட மிச்சம் பலிக்காது. அங்கே தோவாளைக்கும் முழு 60 எழுத்துக்கான இடம் போய்விடும்.