பழைய கமாரோவில் புது மேனிஃபோல்டு: ஸ்பேனருக்கு முன்னால் களிமண்

1967 முதல் 69 வரை வந்த ஷெவர்லே கமாரோவில், ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 ரகமான எல்எஸ் இஞ்சின் ஏற்றுவது அமெரிக்காவில் இப்போது சர்வசாதாரணம். இஞ்சின் உட்கார்ந்துவிடும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான் படுத்தும். டிரக்கிலிருந்து கழற்றிய இஞ்சினோடு வரும் மேனிஃபோல்டு, டிரக்கின் தாராளமான இடத்துக்குச் செய்தது. கமாரோவில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம், ஸ்டியரிங் தண்டும் பாக்ஸும் இருக்கும் இடத்தை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும்.

நான் போட்டது 2010 முதல் 2015 வரை வந்த கமாரோ எஸ்எஸ்ஸின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. இஞ்சினை ஒட்டியே இறங்குகிறது. தனித்தனிக் குழாய்களை வளைத்துச் செய்யும் டியூப் ஹெடரில் சக்தி கூடும்தான். ஆனால் சத்தம் குறைவு, மூட்டின் இடையில் வைக்கும் கேஸ்கட்டின் தொல்லை குறைவு என்று பார்த்தால் முதன்முறை செய்பவருக்கு வார்ப்பிரும்பே நல்லது. எல்எஸ்1 முதல் எல்எஸ்3 வரை போல்ட் துளைகள் ஒன்றே, பக்கத்துக்கு 6. 2014 கார்வெட்டில் வந்த அடுத்த தலைமுறை இஞ்சினான எல்டி1-இன் மேனிஃபோல்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், சேராது.

1. கழற்றுவது

முந்தைய இரவே போல்ட்டுகளில் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்து, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

கடைக்கோடியில் இருக்கும் போல்ட்டுகள்தான் முறியும். மேனிஃபோல்டு உட்காரும் அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வார்ப்பிரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும்; இரண்டுக்கும் இடையே மாட்டிய போல்ட் அந்த இழுபறியில் நைந்துபோகும். நான் பொறுமையில்லாமல் இம்பாக்ட் கன்னை வைத்தேன். டக்கென்று தலை மட்டும் சாக்கெட்டோடு வந்துவிட்டது. மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் அடித்து, சற்று ஆறியதும் திருப்பினேன். சூட்டில் துரு விட்டுக்கொடுத்து, சிரமமில்லாமல் கழன்றது. துளைகளில் எம்8, 1.25 பிட்ச் டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டின் முகத்தில் கிரைண்டர் மட்டும் வேண்டாம்.

2. மட்டம் பார்ப்பது

பழைய சரக்கு வாங்கினால் மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்குள் 0.25 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும்.

3. களிமண்

வேலையே இதுதான். கேஸ்கட் இல்லாமல், பக்கத்துக்கு இரண்டு போல்ட்டில் மேனிஃபோல்டைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி, ஸ்டியரிங் தண்டுக்கு எதிரே மேனிஃபோல்டில் ஒட்டுங்கள். ஸ்டியரிங்கைக் கடைசி வரை இடப்பக்கம், பிறகு கடைசி வரை வலப்பக்கம் திருப்புங்கள். நேராக நிற்கும்போது தாராளமாக விலகியிருந்த ஸ்டியரிங் தண்டு ஜாயிண்டின் போல்ட் தலை, சுற்றி வரும்போது களிமண்ணில் ஓர் அரைவட்டப் பள்ளம் உழுதிருக்கும். அடியில் மிஞ்சிய மண்ணின் கனம்தான் உங்களுக்கு உண்மையில் இருக்கும் இடைவெளி.

அதோடு முடியவில்லை. இஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது; ஆக்சிலேட்டரை மிதித்தால் இடப்பக்கம் மேலே எழும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். அந்தக் காலத்து ஷெவர்லேக்களில் மவுண்ட் பிய்ந்து இஞ்சின் எழும்பியதால், 1971 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆகவே மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு ப்ரை பாரால் இஞ்சினை இருபக்கமும் மெல்ல நெம்பிக் களிமண்ணை மறுபடி பாருங்கள். ஆயில் பேனில் மட்டும் நெம்பக் கூடாது, அது அலுமினியம். எல்லாம் முடிந்தும் ஒரு விரல் கனம் மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. மிஞ்சவில்லையா? மேனிஃபோல்டை அறுக்காதீர்கள். இஞ்சினை முன்பின் நகர்த்தித் தரும் வேறு மவுண்ட் தகடு கிடைக்கும்.

4. முறுக்குவது

புது கேஸ்கட், புது போல்ட். ஆறையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். பிறகு நடு இரண்டில் தொடங்கி, மாறிமாறி ஓரம் நோக்கிப் போங்கள்: முதல் சுற்று 15 நியூட்டன் மீட்டர், அடுத்த சுற்று 25. "இவ்வளவுதானா" என்று தோன்றும். இவ்வளவுதான், முறுக்கும் அளவை வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இழுத்தால் அலுமினிய மரை மாவாகிவிடும்.

5. சோதனை

பிளக் ஒயர், பிரேக் பைப், வலப்பக்கம் ஸ்டார்ட்டர் ஒயர் எதுவும் மேனிஃபோல்டில் உரசக் கூடாது. நெருக்கமாக இருந்தால் வெப்ப உறை மாட்டுங்கள். வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் அங்கே லீக். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம் கேட்டு, சூடேறியதும் நின்றுபோனாலும் லீக்தான்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, ஆறிய இஞ்சினில் டார்க்கை இன்னொரு முறை பாருங்கள். டார்ச் அடித்து ஸ்டியரிங் தண்டையும் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த கோடு தெரிந்தால் வண்டியை வெளியே எடுக்காமல் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.