புலிக்குளம் மாட்டின் வழி கெடாமல் காக்க

சிராவயல் மஞ்சுவிரட்டில் பிடிபடாமல் போன காளைக்கு மறுநாளே பொலிக்குக் கிராக்கி. அதன் தாய் எந்தக் கிடையைச் (மேய்ச்சல் மந்தையைச்) சேர்ந்த பசு என்று கேட்பவர் குறைவு. சிவகங்கை, மதுரைப் பக்கத்து நாட்டினமான புலிக்குளம் மாட்டில் கலப்பு நுழைவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். அரபுப் பாலைவனத்து நாடோடிகளான பெதூயின்கள் குதிரையின் குலப்பெயரைத் தாய்வழியில்தான் சொல்வார்கள். தகப்பன் சக்லாவி குலமாக இருந்தாலும், குஹைலான் குலத் தாய்க்குப் பிறந்த குட்டி குஹைலான்தான். நம் மாட்டுக் கிடைகளுக்கும் அந்த முறையே பொருந்தும்.

முதலில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். பசு ஒன்றுக்கு ஒரு பக்கம்: காதுவில்லையின் 12 இலக்க எண், கூப்பிடும் பெயர், நிறம், கொம்பின் வளைவு, சுழிகள், தாய், தாயின் தாய், தகப்பன், காளை சேர்ந்த தேதி, ஈன்ற தேதி. முகம், இரு பக்கவாட்டு என மூன்று படம் எடுத்து வையுங்கள். தாய் தெரியாத பசுவுக்கு ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய ஒரு பெயர் பேரன் பேத்தி வரை பொய்யாகவே போகும்.

காளைக் கணக்கில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 50 பசுவுக்கு ஒரே காளை என்றால், ரத்த உறவுக் கணக்கில் அது சுமார் 4 மாடு மட்டுமே உள்ள மந்தைக்குச் சமம். தலைமுறைக்குத் தலைமுறை நெருங்கிய ரத்தச் சேர்க்கை ஏறக்குறைய 13 விழுக்காடு கூடும். நாலு காளை வைத்தால் அது 3.4 விழுக்காட்டில் நிற்கும். நாலும் ஒரே தாய்க்கோ ஒரே தகப்பனுக்கோ பிறந்தவையாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ரத்தம் நெருங்கினால் சினை நிற்காது, கன்று சிறுத்துப் பிறக்கும், பிறந்ததும் தங்காது. தகப்பனும் மகளும் சேர்ந்தால் கன்றுக்கு 25 விழுக்காடு, தகப்பன் மட்டும் ஒன்றான அண்ணன் தங்கை சேர்ந்தால் 12.5.

காளையை மூன்றாம் வருடம் முடியுமுன் மாற்றிவிடுங்கள். அதற்குமேல் வைத்தால் அதன் முதல் கிடாரிகள் பருவத்துக்கு வந்து அதனிடமே நிற்கும். இளங்காளைகளை ஒரு வயதுக்குள் பிரித்துக் கட்டுங்கள். ‘சின்னதுதானே’ என்று கிடையில் விட்டதுதான் தாயையும் தமக்கையையும் ஏறிவிடுகிறது.

நாலு காளையும் ஒன்றாக மேய்ந்தால் எந்தக் கன்று யாருடையது என்று தெரியாது. அதனால் ஒன்றை இரண்டு மாதம் விடுங்கள், பிறகு 30 நாள் எந்தக் காளையும் கூடாது, அடுத்து இன்னொன்று. சினைக்காலம் சுமார் 280 முதல் 290 நாள். ஈன்ற தேதியை வைத்தே தகப்பனைச் சொல்லிவிடலாம். தனியாகக் கட்டிச் சேர்ப்பதானால், காலையில் கத்திக்கொண்டு, கண்ணாடி போல் சளி ஒழுகும் பசுவை அன்று மாலை காட்டுங்கள். 21 நாளில் திரும்பக் கத்தினால் சினை நிற்கவில்லை.

வெளிக் காளை வந்தால் 30 நாள் தனித் தொழுவம். கன்று வீச்சு நோய்க்கு (புருசெல்லோசிஸ்) ரத்தப் பரிசோதனை முடியாமல் பசுவிடம் விடவே கூடாது. அந்நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே முறை. காளைக் கன்றுக்குப் போடக்கூடாது.

காங்கேயம் கலந்த முதல் ஈட்டுக் கன்று கண்ணுக்கு நிறைவாக இருக்கும், விலையும் வரும். அதன் பிள்ளைகளில்தான் கொம்பு ஒரு மாதிரி, உடல்வாகு ஒரு மாதிரி என்று சிதறும். பழையபடி திருப்பப் புலிக்குளம் காளையையே தொடர்ந்து போட்டாலும் நாலாம் தலைமுறையில் 15/16 பங்குதான் தேறும். மாட்டுக்கு அது ஏறத்தாழ 16 வருடம்.

காளைக்குப் பதில் சினை ஊசி போடுவதானால் உறைவிந்துக் குழலில் அச்சிட்ட காளை எண்ணைப் படித்து, நோட்டில் எழுதிய பிறகே போடச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல தாய்வழி முழுவதையும் ஒரே கிடையில் வைக்காதீர்கள். கோமாரி ஒரு வாரத்தில் கிடையையே படுக்கவைத்துவிடும். அந்த வழியில் ஒரு கிடாரியை நாலு ஊர் தள்ளி ஒருவரிடம் பங்குக்கு வளர்க்க விடுங்கள். முதல் கிடாரிக் கன்று திரும்ப வரவேண்டும், பொலிக்கு நீங்கள் சொல்லும் காளைதான் என்று இரண்டு வரி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.